ரத்தம் காட்டாம உறைய வெச்ச டிவி பேய்ப் படங்கள்: புதுசா பாக்க வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

தியேட்டர் பக்கமே போகாம, டிவில போடுறதுக்குன்னே எடுத்த பேய்ப் படங்கள்னு ஒரு தனி வகை இருக்கு. அமெரிக்காலயும் இங்கிலாந்துலயும் 1970கள்ல இது கொடிகட்டிப் பறந்துச்சு. படம் 74 நிமிஷம்தான், ஷூட்டிங் ரெண்டு வாரம் கிடைச்சா பெருசு, ரத்தம் காட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, நடுநடுல விளம்பரம் வேற. இவ்ளோ கட்டுப்பாட்டுக்குள்ள எடுத்த படங்களத்தான் அன்னைக்குச் சின்னப் பசங்களா இருந்து பாத்தவங்க இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியாம பேசிட்டு இருக்காங்க. படத்தோட பேரு கூட ஞாபகம் இருக்காது, ஆனா அந்த ஒரு ஜன்னல் சீன், அந்த ஒரு பொம்மை, அந்தக் கிசுகிசு சத்தம், அது மட்டும் மனசுல அப்படியே நின்னிருக்கும்.

நான் இதுக்குள்ள வந்ததே அந்த மாதிரி ஒரு பொம்மையாலதான். மாமா பையன் ஒரு நாள் ராத்திரி பென்டிரைவ்ல கொண்டு வந்து போட்டான், பேரு கூட சொல்லல. ஒரு அபார்ட்மென்ட், ஒரு பொண்ணு, ஒரு மரப் பொம்மை, அவ்ளோதான் கதை, அரை மணி நேரம் கூட ஓடல. முடியும்போது நாங்க ரெண்டு பேருமே ரெண்டு காலையும் சோபா மேல தூக்கி வெச்சு உக்காந்திருந்தோம். அன்னைலேருந்து தேடித் தேடிப் பாத்துட்டு இருக்கேன். நான் சொல்லிக் கேட்டு நிறைய பேர் பாக்க ஆரம்பிச்சாங்க, அதுல பாதிப் பேர் பத்தே நிமிஷத்துல "ஸ்லோவா இருக்கு"ன்னு மூடிட்டாங்க. மூடினவங்க எல்லாருமே பஸ்ல, போன்ல, ஒரு காதுல மட்டும் இயர்போன மாட்டிக்கிட்டுப் பாத்தவங்க. இந்தப் படங்கள் ராத்திரி நேரத்துல, ஒரு வீட்டு ஹாலுக்குன்னு அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி. அந்த அளவு புரிஞ்சு உக்காந்தீங்கன்னா அப்புறம் படம் உங்கள விடாது.

முதல் வேலை: அந்த 90 நிமிஷ ஸ்லாட்ட புரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவுல டிவிக்குன்னு முழுப் படம் எடுத்துப் போடுறது 1964லயே என்பிசி சேனல்ல ஆரம்பிச்சுடுச்சு. ஆனா நாம பேசுற பொற்காலம் 1969 செப்டம்பர்ல ஏபிசி சேனல் "மூவி ஆஃப் தி வீக்"னு ஒரு நிகழ்ச்சிய தொடங்கினப்போதான் வருது, அதுக்குப் பின்னாடி இருந்த பாரி டில்லருக்கு அப்போ வயசு 27. வாரா வாரம் ஒரு புத்தம் புதுப் படம், ஒன்றரை மணி நேர ஸ்லாட், அதுல விளம்பரத்த கழிச்சா கையில மிச்சம் 73, 74 நிமிஷம். காமெடி, சண்டை, அழுகைன்னு எல்லா வகையும் போட்டாங்க, ஆனா காலம் கடந்து நின்னதுல பேய்ப் படங்களுக்குத் தனி இடம். 1975 வரைக்கும் ஓடுச்சு, சிபிஎஸ்ஸும் என்பிசியும் சும்மா இருக்கல, அவங்களும் போட்டிக்கு எடுத்தாங்க.

இதுல நீங்க கவனிக்க வேண்டிய விஷயம் அந்த விளம்பர இடைவெளி. சேனல மாத்திடக் கூடாதுங்கிறதுக்காக, ஒவ்வொரு இடைவெளிக்கு முன்னாடியும் ஒரு கொக்கி போட்டுத்தான் கதைய நிறுத்துவாங்க. கதவுக் கைப்பிடி மெதுவா திரும்பும், இல்ல போன் எடுத்தா மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும், உடனே திரை கறுப்பாயிடும். இன்னைக்கு டிஸ்க்லயோ ஸ்ட்ரீமிங்லயோ பாக்கும்போது விளம்பரம் இருக்காது, கறுப்பான உடனே அடுத்த சீன் வந்துடும், அதனால ஏதோ தப்பா வெட்டின மாதிரி தோணும். நான் பண்றது என்னன்னா, திரை கறுப்பாகும்போது பாஸ் பண்ணிட்டு எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வருவேன். சமையல்கட்டுல லைட் போடாம. அந்த ரெண்டு நிமிஷம் மனசு தானா அந்தக் கைப்பிடியப் பத்தியே யோசிக்கும், அதுதான் அவங்க எதிர்பாத்தது. ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க, படத்தோட ஓட்டமே வேற மாதிரி இருக்கும்.

அடுத்து டிவி செட்டிங்க சரி பண்ணுங்க

படம் எல்லாம் அந்தக் காலத்து சதுர டிவி அளவுக்கு எடுத்தது, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது பிடிக்காம ஜூம் பண்ணி முழுத் திரைக்கு இழுத்துடாதீங்க, மேலயும் கீழயும் வெட்டுப்பட்டுடும், சில சமயம் பயப்பட வேண்டிய உருவமே அந்த வெட்டுப்பட்ட மூலைலதான் நின்னுட்டு இருக்கும். புது டிவில அசைவ வழுவழுன்னு காட்டுற மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு வசதி இருக்கும், அத அணைச்சுடுங்க. ப்ரொஜெக்டர் வேணாம், சின்னத் திரைக்காக மூஞ்சிய பக்கத்துல வெச்சு எடுத்த படத்த சுவர் பூரா பெருசாக்கினா மேக்கப்பும் தையலும்தான் கண்ணுக்குத் தெரியும். சத்தம் மட்டும் நல்லா இருக்கணும், ஏன்னா காட்ட முடியாதத எல்லாம் சத்தத்துலதான் கொண்டு வந்திருப்பாங்க. முடிஞ்சா சப்டைட்டில் போட்டுக்கோங்க, அந்தக் காலத்து ஒலிப்பதிவுல பாதி வசனம் காத்துல போயிடும்.

இன்னொன்னு, விக்கிபீடியாவ திறக்காதீங்க. 74 நிமிஷப் படத்துக்கு ஒரு திருப்பம்தான் இருக்கும், அதையும் படிச்சுட்டு வந்து உக்காந்தா என்ன மிஞ்சும்?

தொடக்கம் "ட்யூயல்"ல

யார் கேட்டாலும் முதல் படமா நான் சொல்றது 1971 நவம்பர் 13ம் தேதி ஏபிசில வந்த "ட்யூயல்". டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போ 24 வயசு. கதை ஒரே வரி: ஒரு சேல்ஸ்மேன் கார்ல போறான், ஒரு பழைய டேங்கர் லாரிய ஓவர்டேக் பண்றான், அந்த லாரி அவன விடாம துரத்துது. ஏன் துரத்துதுன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க. டிரைவரோட மூஞ்சியும் காட்ட மாட்டாங்க, ஒரு கை, ஒரு ஜோடி பூட்ஸ், அவ்ளோதான். இதுல பேயும் இல்ல பிசாசும் இல்லயேன்னு சில பேர் கேப்பாங்க, பாத்துட்டு வந்து சொல்லுங்க, அந்த லாரி பேய் இல்லன்னா வேற எது பேய்?

எழுதினவர் ரிச்சர்ட் மேத்தசன், இந்தப் பேர மனசுல வெச்சுக்கோங்க, இன்னும் ரெண்டு தடவை வருவார். 1963 நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அன்னைக்கு, நண்பரோட கார்ல வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு லாரி பின்னாடியே ஒட்டி வந்து மிரட்டிச்சாம், அந்த பயத்தப் பல வருஷம் மனசுல வெச்சிருந்து கதையா எழுதினார். ஷூட்டிங் ரெண்டு வாரத்துக்கும் குறைவு, கலிஃபோர்னியா வறண்ட மலை ரோட்ல. அந்தப் பழுப்பு நிலத்துல தனியாத் தெரியணும்னுதான் காரு சிவப்பு. பல லாரிகள வரிசையா நிறுத்திப் பாத்து, முன்பக்கம் ஒரு மூஞ்சி மாதிரி தெரிஞ்ச பழைய பீட்டர்பில்ட் லாரிய தேர்ந்தெடுத்தாங்க. அதோட பம்பர்ல வேற வேற மாநிலத்து நம்பர் பிளேட் வரிசையா மாட்டியிருக்கும், அதப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க, ஆனா அது என்னன்னு உங்களுக்கே புரியும்போது முதுகுத் தண்டு சில்லுன்னு ஆகும். கடைசில லாரிக்குக் கேக்குற ஒரு உறுமல் சத்தத்த ஸ்பீல்பெர்க் பின்னாடி "ஜாஸ்" படத்துச் சுறாவுக்கும் பயன்படுத்தினார், காதத் தீட்டி வெச்சுக்கோங்க.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. டிவில வந்தது 74 நிமிஷம். ஐரோப்பாவுல தியேட்டர்ல போடணும்னு பின்னாடி சில சீன் சேத்து 90 நிமிஷம் ஆக்கினாங்க, இன்னைக்கு எங்க தேடினாலும் பெரும்பாலும் கிடைக்கிறது அந்த 90தான். ஸ்கூல் பஸ் சீன், ரயில்வே கிராசிங் சீன், பொண்டாட்டிகிட்ட போன்ல பேசுற சீன் எல்லாம் அப்படிச் சேத்தது. அதுல ரயில்வே கிராசிங் அருமை, இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த போன் சீன் இல்லாத படம்தான் எனக்குப் பிடிச்சது, அவன் யாரு, வீட்ல என்ன சண்டைன்னு தெரியாம இருக்கும்போதுதான் அந்த இடத்துல நாம உக்காந்திருக்கோம்.

ரெண்டாவது நாள் ஒரு நிருபர்

1972 ஜனவரி 11, "தி நைட் ஸ்டாக்கர்". திரைக்கதை அதே மேத்தசன், தயாரிப்பு டான் கர்டிஸ். டிவி ஹாரர்னு பேச ஆரம்பிச்சா இந்த கர்டிஸ் பேரு இல்லாம முடியாது. கதை லாஸ் வேகஸ்ல நடக்குது. ராத்திரில பொண்ணுங்க செத்துக் கிடக்குறாங்க, உடம்புல ரத்தம் இல்ல. கார்ல் கோல்சாக்னு ஒரு நிருபர், கசங்கின கோட்டு, வைக்கோல் தொப்பி, கையில டேப் ரெக்கார்டர், அவன் மட்டும் இது ரத்தக் காட்டேரின்னு சொல்றான். போலீசும் கேக்கல, பத்திரிகை ஆசிரியரும் கேக்கல. டேரன் மெக்காவின் அந்த ஆளாவே வாழ்ந்திருப்பார். அன்னைக்கு ராத்திரி அமெரிக்காவுல டிவி ஓடிட்டு இருந்த வீடுகள்ல பாதிக்கு மேல இந்தப் படம்தான் ஓடிச்சு, அது வரைக்கும் வந்த டிவி படங்கள்லயே அதிகம் பேர் பாத்தது இதுதான்.

எனக்கு இதுல பிடிச்சது காட்டேரி இல்ல, அந்தக் கடைசிப் பத்து நிமிஷம், காட்டேரி விஷயம் முடிஞ்சதுக்கு அப்புறம் மனுஷங்க பண்ற வேலை. அத சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் இதோட ரெண்டாம் பாகம் "தி நைட் ஸ்ட்ராங்லர்" வந்துச்சு, சியாட்டில் நகரத்துக்குக் கீழ நிஜமாவே புதைஞ்சு கிடக்குற பழைய தெருக்கள வெச்சு எழுதினது, அதையும் விட்டுடாதீங்க. அப்புறம் 1974ல 20 எபிசோட் சீரியல் வேற. "தி எக்ஸ்-ஃபைல்ஸ்" பிடிக்கும்னு சொல்றவங்க கண்டிப்பா பாக்கணும், அத உருவாக்கின கிறிஸ் கார்ட்டரே கோல்சாக்தான் தூண்டுதல்னு சொல்லியிருக்கார், மெக்காவினயும் அந்த சீரியலுக்குக் கூப்பிட்டு நடிக்க வெச்சார்.

மூணாவது கட்டம்: வீட்டுக்குள்ளயே இருக்குற பயம்

இங்கதான் இந்த வகையோட உயிரே இருக்கு. தியேட்டர் படம் உங்கள ஏதோ ஒரு கோட்டைக்கோ காட்டுக்கோ கூட்டிட்டுப் போய் பயமுறுத்தும், திரும்பி வந்துட்டா முடிஞ்சுது. டிவி படத்துக்கு அந்தக் காசும் இல்ல, தேவையும் இல்ல, நீங்க உக்காந்திருக்கிறதே ஒரு வீடு, அப்போ பேயும் அதே மாதிரி ஒரு வீட்லதான். அடுப்பு, பாத்ரூம் கதவு, கட்டிலுக்கு அடில, அலமாரிக்குப் பின்னாடி. படம் முடிஞ்சு லைட் போட எந்திரிச்சாலே நீங்க அந்த செட்டுக்குள்ளதான் நடக்குறீங்க.

"டோன்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் தி டார்க்", 1973 அக்டோபர் 10. சாலிங்கிற பொண்ணு, கிம் டார்பி நடிச்சது, பாட்டி வீடு அவளுக்கு வருது. ஒரு ரூம்ல செங்கல் வெச்சு அடைச்ச கணப்பு அடுப்பு. அத திறக்காதம்மான்னு வயசான தச்சர் கெஞ்சாத குறையா சொல்றார். இவ கேக்கல. அதுக்குள்ள இருந்து சின்னச் சின்ன உருவங்கள் வெளில வருது, அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாது, ராத்திரி ஆனா "சாலி... சாலி..."ன்னு கிசுகிசுக்கும். உருவங்கள் ஒரு முழம் கூட இருக்காது, அதுக்காக மேஜை கதவு எல்லாத்தையும் ராட்சச அளவுல செஞ்சு வெச்சு, மேல முகமூடி போட்ட ஆளுங்கள நடக்க விட்டு எடுத்தாங்க. இன்னைக்குப் பாத்தா அந்த முகமூடி உலர்ந்த பழம் மாதிரி தெரியலாம். அப்படித் தெரிஞ்சாலும் அந்தக் கிசுகிசுப்பு இன்னைக்கும் பயமுறுத்தும். சின்ன வயசுல இதப் பாத்து அரண்டு போன கில்லர்மோ டெல் டோரோ பின்னாடி அவரே எழுதித் தயாரிச்சு மறுபடி எடுத்தார், காசு கொட்டி எடுத்தது, நல்லா இருக்கும், ஆனா பழசுதான் தூக்கத்தக் கெடுக்கும்.

ஒரு விஷயம் இங்க சொல்லணும், இந்தப் படங்கள்ல பெரும்பாலும் பயத்த முதல்ல பாக்குறது வீட்ல இருக்குற பொண்ணு. அவ சொன்னா புருஷன் நம்ப மாட்டான். சாலி புருஷனுக்கு ஆபீஸ் ப்ரமோஷன்தான் கண்ணுக்குத் தெரியுது, விருந்துக்கு வர்ற பெரிய மனுஷங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு கவலை. பேய விட, "உனக்கு ரெஸ்ட் வேணும்"னு அவன் சொல்ற அந்த வசனம்தான் எனக்கு அதிகமா வலிக்கும். 1970கள்ல வீட்ல உக்காந்து இதப் பாத்த பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தக் கண்ணோட பாத்தா, 1970லயே வந்த "க்ரோஹேவன் ஃபார்ம்" மாதிரி, பழைய சூனியக்காரி கதைன்னு தள்ளிட்டுப் போற படம் கூட வேற ஆழத்துல தெரியும்.

இப்போ அந்தப் பொம்மை. 1975 மார்ச் 4, "டிரைலஜி ஆஃப் டெரர்". டான் கர்டிஸ் டைரக்‌ஷன், மூணு குட்டிக் கதை, மூணுமே மேத்தசன் கதை, மூணுலயும் நாயகி கேரன் பிளாக். நேர்மையா சொல்றேன், முதல் ரெண்டு கதை சுமார்தான், அதுலயும் முதல் கதைல ஒரு டீச்சருக்கு மயக்க மருந்து குடுத்து மிரட்டுற விஷயம் வருது, அது வேணாம்னு நினைக்கிறவங்க தள்ளிவிட்டுட்டு நேரா மூணாவதுக்கு வந்துடலாம், ஒண்ணும் குறையாது. "அமீலியா"ன்னு பேரு. மேத்தசன் தானே திரைக்கதை எழுதினது இது ஒண்ணுதான். ஒரு பொண்ணு நண்பனோட பிறந்த நாளுக்குன்னு ஒரு வேட்டைக்காரப் பொம்மை வாங்கிட்டு வர்றா. அது இடுப்புல ஒரு தங்கச் சங்கிலி, அது கழண்டு விழாத வரைக்கும் பிரச்சன இல்ல. விழுந்துடுது. அதுக்கப்புறம் அந்த அபார்ட்மென்ட்ல அவளும் அதுவும் மட்டும். வேற ஆளே கிடையாது, போன் மட்டும்தான் வெளி உலகம். காமிராவ தரையோட தரையா வெச்சு ஓட்டியிருப்பாங்க, பொம்மைய முழுசா காட்டாம, சோபாவுக்கு அடில ஓடுற சத்தமும் பல்லும் கத்தியும். கடைசி ஷாட்ட மட்டும் பாத்துட்டு யாரும் அன்னைக்கு நிம்மதியா தூங்கினதில்ல.

அந்தப் பொம்மைய படத்துல "ஜூனி" பொம்மைன்னு சொல்றாங்க. ஜூனிங்கிறது நியூ மெக்சிகோவுல இன்னைக்கும் வாழ்ந்துட்டு இருக்குற ஒரு பழங்குடி மக்கள். அவங்க செதுக்குறது கல்லுல சின்னச் சின்ன மிருக உருவங்கள், காப்புக்காக வெச்சுக்கிறது, இந்தப் பல்லு நீட்டின பொம்மைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படத்த ரசிச்சுட்டு அந்த மக்களப் பத்தித் தப்பான நினைப்பு நமக்குள்ள தங்கிடக் கூடாது.

கொஞ்சம் களைப்பு தீரணும்னா நடுவுல 1972ல சிபிஎஸ்ல வந்த "கார்காயில்ஸ்" பாக்கலாம், கதை ரொம்ப லேசு, ஆனா அந்த மேக்கப்புக்கு டிவிக்காகவே குடுக்குற எம்மி விருது கிடைச்சுது, அதுல ஒருத்தர் ஸ்டான் வின்ஸ்டன், பின்னாடி "டெர்மினேட்டர்", "ஜுராசிக் பார்க்"னு போனவர், அவரோட முதல் அடி இங்கதான்.

இப்போ கடல் தாண்டி இங்கிலாந்து

அமெரிக்கப் படம் நாலஞ்சு பாத்து அந்தத் தாளம் பழகின பிறகு வாங்க, முன்னாடியே வந்தா பொறுமை போயிடும். பிபிசில விளம்பரம் கிடையாது. அதனால கொக்கியும் கிடையாது, திரை கறுப்பாகாது, பயம் ஈரம் சுவர்ல ஏறுற மாதிரி மெதுவா ஏறும். இங்க தண்ணி குடிக்கப் போகாதீங்க, ஒரே மூச்சுல பாக்கணும்.

அங்க கிறிஸ்துமஸ் நேரத்துல பேய்க்கதை சொல்றது பழைய வழக்கம். அத வெச்சு பிபிசி 1971லேருந்து 1978 வரைக்கும் வருஷா வருஷம் ஒரு குட்டிப் படம் போட்டுச்சு, பெரும்பாலும் எம். ஆர். ஜேம்ஸ் எழுதின கதைகள், கடைசி ஒண்ணத் தவிர எல்லாத்துக்கும் டைரக்டர் லாரன்ஸ் கார்டன் கிளார்க். எதுவும் ஒரு மணி நேரத்த தாண்டாது. 1972ல வந்த "எ வார்னிங் டு தி க்யூரியஸ்" முதல்ல பாருங்க: ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை, புதைஞ்ச கிரீடத்தத் தோண்டி எடுக்க வந்த ஒரு ஏழை மனுஷன், தூரத்துல ஒரு கறுப்பு உருவம். அவ்ளோ தூரத்துல நிக்குது, ஒவ்வொரு சீன்லயும் கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல. 1976ல வந்த "தி சிக்னல்மேன்" டிக்கன்ஸ் கதை, ரயில் சுரங்கப் பாதை ஓரத்துல தனியா வேலை பாக்குற ஒருத்தர், டென்ஹோம் எலியட் நடிச்சது, அந்த மனுஷனோட தனிமைய பாக்கும்போது பயத்த விட துக்கம்தான் அதிகமா வரும். இதுக்கெல்லாம் முன்னோடி 1968ல ஜோனதன் மில்லர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், "விசில் அண்ட் ஐ'ல் கம் டு யூ". ஒரு பேராசிரியர், ஒரு பழைய விசில், ஒரு படுக்கை விரிப்பு. வெறும் விரிப்பு!

1972 கிறிஸ்துமஸ் அன்னைக்கு வந்த "தி ஸ்டோன் டேப்" பாக்க உக்காரும்போது முதல் பத்து நிமிஷம் ஒரு அதிர்ச்சி இருக்கும், வீடியோ டேப்ல எடுத்தது, பழைய ஸ்டூடியோ நாடகம் மாதிரி தெரியும், எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவாங்க, ஆம்பளைங்க பேசுற பேச்சு இன்னைக்குக் காதுக்கு உறுத்தும். பொறுத்துக்கோங்க. புது ரெக்கார்டிங் தொழில்நுட்பம் கண்டுபிடிக்கணும்னு ஒரு கம்பெனி ஆராய்ச்சிக் குழு ஒரு பழைய மாளிகைக்கு வருது, அங்க ஒரு ரூம்ல ஒரு பொண்ணோட அலறல் திரும்பத் திரும்பக் கேக்குது. பேய்ங்கிறதே கல்லுல பதிஞ்ச ஒரு ரெக்கார்டிங்தானோன்னு அவங்க யோசிக்கிறாங்க. அத எழுதின நைஜல் நீலோட மூளைக்குத் தலை வணங்கணும், இந்தக் கருத்துக்கு இன்னைக்குப் பேய் ஆராய்ச்சி பண்றவங்க வெச்சிருக்குற பேரே இந்தப் படத்தோட பேருதான்.

அதே நீல் திரைக்கதை எழுதினதுதான் 1989 டிசம்பர் 24 ராத்திரி ஐடிவிங்கிற இங்கிலாந்து சேனல்ல வந்த "தி வுமன் இன் பிளாக்". இதுல ஒரு படுக்கையறை சீன் இருக்கு, எந்த நேரத்துல வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பாத்தும் எனக்கு நெஞ்சு அடைச்சுது. பட்டப்பகல்ல, வெட்டவெளில, கல்லறைப் பக்கம் அசையாம நிக்கிற பாலீன் மோரனோட உருவம் போதும். ரொம்ப வருஷம் கடைகள்ல கிடைக்கவே இல்லாம இருந்து 2020லதான் நல்ல பிரிண்ட்ல ப்ளூ-ரே வந்துச்சு. 2012ல டேனியல் ராட்கிளிஃப் நடிச்சு இதே கதை தியேட்டர்ல வந்தது பாத்திருப்பீங்க, பழசுல நாயகனா நடிச்ச ஏட்ரியன் ராலின்ஸ்தான் ஹாரி பாட்டர் படங்கள்ல ஹாரியோட அப்பா.

"கோஸ்ட்வாட்ச்"ச தனியா ஒரு நாளைக்கு வெச்சுக்கோங்க

இத மத்ததோட சேத்துப் பாக்காதீங்க. 1992 அக்டோபர் 31, சனிக்கிழமை ராத்திரி, பிபிசி 1. மேற்கு லண்டன்ல நார்தோல்ட்ங்கிற இடத்துல ஒரு சாதாரண வீடு, ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க, வீட்ல பேய் இருக்குன்னு புகார். பிபிசி காமிராவோட அந்த வீட்ல இருந்து நேரடி ஒளிபரப்பு, ஸ்டூடியோல மைக்கேல் பார்கின்சன், வீட்டுக்குள்ள சாரா கிரீன். பார்கின்சன் அந்த நாடே மதிச்ச பேட்டியாளர், சாரா கிரீன் குழந்தைங்க நிகழ்ச்சில வளர்ந்த பசங்களுக்கு அக்கா மாதிரி. நடிகர்களா இல்லாம அவங்களாவே வர்றாங்க. திரைல ஒரு போன் நம்பர், கூப்பிட்டு உங்க அனுபவத்த சொல்லலாம்னு, அது பிபிசி நிஜமாவே பயன்படுத்திட்டு இருந்த நம்பர். கூப்பிட்டவங்களுக்கு இது கற்பனைன்னு சொல்ல ஏற்பாடு இருந்துச்சு, ஆனா லைனே கிடைக்கல, கிடைக்காததால பயம் இன்னும் கூடிடுச்சு. உண்மைல எல்லாமே முன்னாடியே எடுத்து வெச்சது, ஸ்டீஃபன் வோல்க் எழுதினது, ஆரம்பத்துலயே அவர் பேரும் வருது. அப்படியும் நாடு நம்புச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, இதப் பாத்து மனசு பாதிக்கப்பட்ட ரெண்டு பத்து வயசுப் பசங்களப் பத்தி டாக்டர்கள் எழுதினாங்க. பிபிசி அத மறுபடி போடவே இல்ல.

பாக்கும்போது ஒரே ஒரு யோசனை: மூஞ்சிங்கள பாக்காதீங்க, பின்னாடி இருக்குற திரைச்சீலை, கண்ணாடி, கதவு மூலை, இதப் பாருங்க. பல இடத்துல ஒரு உருவம் ஒரு நொடி நிக்கும், யாரும் அதப் பத்திப் பேச மாட்டாங்க. ரீவைண்ட் பண்ணிப் பாக்கணும்னு கை துடிக்கும், முதல் தடவை பண்ணாதீங்க, அன்னைக்குப் பாத்தவங்களுக்கும் அந்த வசதி கிடையாது. அப்புறம் வீட்ல குழந்தைங்க தூங்கின பிறகு மட்டும் போடுங்க, ரத்தம் இல்லங்கிறதால குழந்தைங்க படம்னு நினைச்சுடக் கூடாது.

நீளமானதுங்க

ரெண்டு பாகமா வந்தது ரெண்டு மட்டும் சொல்றேன். 1979 நவம்பர்ல ஒரு வார இடைவெளில சிபிஎஸ்ல வந்த "சேலம்ஸ் லாட்", டைரக்டர் டோபி ஹூப்பர். ராத்திரி ஜன்னலுக்கு வெளில மூடுபனில ஒரு பையன் மிதந்து வந்து கண்ணாடிய நகத்தால சுரண்டுவான், அண்ணன திறக்கச் சொல்லி. கயிறு கட்டித் தொங்க விடாம கிரேன்ல வெச்சு, அதையும் தலைகீழா ஓட விட்டு எடுத்தாங்க, அதனாலதான் அந்தப் புகை நகர்றது இயற்கையா இல்லாம என்னமோ பண்ணும். இதோட தியேட்டர் வெர்ஷன் ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவு, அத தொடாதீங்க, மூணு மணி நேர முழு வெர்ஷன்தான் வேணும், ஊர் மெதுவா காலியாகுறதுதான் கதை, அந்த மெதுவ வெட்டினா என்ன இருக்கு? இன்னொன்னு 1990ல ஏபிசில வந்த "இட்", டிம் கர்ரியோட கோமாளிக்காக. முதல் பாகம் தங்கம், ரெண்டாவது அந்த அளவுக்கு இல்ல.

இதெல்லாம் முடிச்ச பிறகு "டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்குரோ", 1981 அக்டோபர் 24, சிபிஎஸ். மனவளர்ச்சி குறைஞ்ச, ஒரு சின்னப் பொண்ணோட விளையாடிட்டு இருக்குற அப்பாவி ஒருத்தன ஊர்க்காரங்க நாலு பேர் சந்தேகப்பட்டுத் துரத்துறாங்க, அவன் வயல்ல சோளக்கொல்லை பொம்மைக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறான். துணிப் பைல ரெண்டு ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள அவன் கண்ணு. லேரி டிரேக்கோட அந்தக் கண்ண நான் எத்தன தடவை பாத்தாலும் தொண்டை அடைக்கும். அதுக்கு அப்புறம் வயல்ல அந்தப் பொம்மை தானா தோணுது, ஒவ்வொருத்தன் நிலத்துலயா. இத கடைசில வெச்சதுக்குக் காரணம், இதுல யாரு பயப்படணும்னு நாம வேண்டிக்கிறோங்கிறதுதான், கவனிச்சுப் பாருங்க.

எங்க கிடைக்கும்

பெரிய படங்கள் எல்லாம் டிஸ்க்ல வந்தாச்சு. கோல்சாக் படம் ரெண்டும், பொம்மைப் படமும் கினோ லார்பர்ங்கிற கம்பெனியோட ப்ளூ-ரேல இருக்கு, பிபிசி கிறிஸ்துமஸ் கதைகள் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியீடா கிடைக்கும். வெளிநாட்டு டிஸ்க் வாங்கும்போது ரீஜன், அதாவது எந்தப் பகுதி ப்ளேயருக்கான டிஸ்க்குன்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா நம்ம ப்ளேயர்ல ஓடாமப் போயிடும். பேரு தெரியாம ஒரு சீன் மட்டும் ஞாபகம் இருந்தா அந்தச் சீனையே வரிவரியா தட்டித் தேடுங்க, கூடவே சேனல் பேரும் தோராயமான வருஷமும் போடுங்க, தொண்ணூறு சதவீதம் யாரோ ஒருத்தர் அதே சீனத் தேடி அலைஞ்சிருப்பாங்க.

டிஸ்க்ல வராத படங்கள் நிறைய இருக்கு, அதுங்க அந்தக் காலத்துல வீட்ல விசிஆர்ல பதிஞ்ச கேசட்ல இருந்து யாரோ ஏத்தி வெச்சதாத்தான் யூடியூப்ல இருக்கும். கோடு கோடா ஓடும், நிறம் வெளுத்திருக்கும். சிலதுல நடுவுல வந்த சோப்பு விளம்பரம், காரு விளம்பரம், அடுத்த வாரம் வர்ற படத்தோட முன்னோட்டம் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா அன்னைக்கு ராத்திரியே உக்காந்துடுங்க, கதவுக் கைப்பிடி திரும்பி, திரை கறுப்பாகி, சிரிச்சுக்கிட்டே ஒரு அம்மா சோப்பக் காட்டும்போது ஃபார்வர்ட் பட்டன தொடாதீங்க.